பத்தொன்பதாவது போட்டோ

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு வாரம் அளந்து பாக்கணும், சம்மதமா?" என்று முன்பின் தெரியாத வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். கதவு பாதிதான் திறக்கும். நான் கேட்டால் அந்தப் பாதியும் மூடிவிடும். என் முகராசி அப்படி. கேள்வி அக்கா கேட்டால் மட்டும், ஐந்து நிமிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம்.

ஊரே அக்கா என்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். உண்மையில் என்னைவிட எட்டு வயது சின்னவர். என்னை "அண்ணே" என்பார், நான் "ஏம்மா" என்பேன். குள்ளமான உருவம், தோளில் ஒரு காக்கிப் பை, காலில் வார் தைத்த செருப்பு. அந்தச் செருப்பு தேய்ந்த அளவுக்கு எங்கள் ஊர்த் தெருக்களே தேய்ந்திருக்காது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. கரண்ட் குடிக்கிற பழைய ஃப்ரிட்ஜை ஒப்படைத்தால், கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற புது ஃப்ரிட்ஜ் பாதி விலைக்குக் கிடைக்கும். ஊரில் இருநூற்றுப் பதினாறு வீடுகள் வாங்கின. இரண்டு வருடம் கழித்து, போட்ட பணத்துக்குக் கரண்ட் மிச்சமானதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் மேனேஜர், இன்னொன்றில் அலமாரிகளும் நாங்களும். கேள்வி கேட்பது அக்கா. அளக்கும் பெட்டியை மாட்டுவதும் கழற்றுவதும் நான். சுவரில் இருக்கிற பிளக்குக்கும் ஃப்ரிட்ஜ் வயருக்கும் நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைச் சொருகுவேன். எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது ராப்பகலாகக் குறித்துக்கொண்டே இருக்கும்.

ஒன்பது வருடமாக அக்காவுக்கு ஒரு வருட ஆர்டர்தான். வருடக் கடைசியில் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. இந்த ஃப்ரிட்ஜ் அறிக்கையைத் துறை ஏற்றுக்கொண்டால் நிரந்தர ஆர்டர் என்று மேனேஜர் எழுத்தில் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தைப் பையின் உள்பக்க ஜிப்பில் வைத்திருந்தார் அக்கா. ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது விரல் தானாகப் போய்ப் பார்க்கும்.

வேலையில் அவர் கெட்டி. எப்படிக் கெட்டி என்றால், மற்ற ஊர்களில் பெட்டி மாட்டிய நாளிலிருந்தே கணக்கு எழுதுவார்கள். அக்கா முதல் மூன்று நாள் கணக்கை அப்படியே அடித்துவிடுவார். எனக்கு முதலில் புரியவில்லை.

"நல்லா வேலை செய்யுதேம்மா பெட்டி, ஏன் அடிக்கிற?"

"பெட்டி நல்லாத்தான் இருக்குண்ணே. மனுஷங்கதான் மாறிடறாங்க. பெட்டிய விருந்தாளியா நினைச்சுக்கறாங்க. மூணு நாளைக்கு ஃப்ரிட்ஜ் கதவையே திறக்க மாட்டாங்க. பிள்ளைங்க தண்ணி கேட்டா பானையக் காட்டுவாங்க. நாலாவது நாள் விருந்தாளி பழகிப்போயிடும். அப்பத்தான் நெசமான கரண்ட் ஓடும்."

சரிபார்த்தேன். நாலாவது நாளிலிருந்து எல்லா வீட்டிலும் கோடு ஏறியிருந்தது.

இன்னொன்று. "இந்தத் திட்டம் வராட்டியும் இதை வாங்கியிருப்பீங்களா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. எப்படியும் வாங்கியிருப்பேன் என்கிறவர் வீட்டு மிச்சத்தைத் திட்டத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. நேராகக் கேட்டால் யார் சொல்வார்கள்? "ஐயோ, நீங்க குடுக்கலேன்னா எங்களுக்கு ஏது?" என்று மரியாதைக்குக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். "திட்டம் வர்றதுக்கு முன்னாடி எந்தக் கடைக்கெல்லாம் போய் விலை கேட்டீங்க?" என்பார். அவ்வளவுதான். "மூணு கடை ஏறி இறங்கினோம், ஒருத்தனும் குறைக்கல" என்று கொட்டிவிடுவார்கள். அக்கா பேசாமல் படிவத்தில் 'எப்படியும் வாங்கியிருப்பார்' என்று குறித்துக்கொள்வார்.

குலுக்கலில் எடுத்த நாற்பது வீட்டை அளந்து முடித்தோம். முப்பத்தாறு வீட்டில் கரண்ட் நன்றாகக் குறைந்திருந்தது. பாக்கி நாலு வீட்டில்தான் வம்பு. புது ஃப்ரிட்ஜ் பழசில் பாதிதான் இழுக்கிறது என்று என் பெட்டி சொல்கிறது. வாசலில் இருக்கிற வீட்டு மீட்டரோ, திட்டத்துக்கு முன்னால் ஓடியதைவிட அதிகம் ஓடுகிறது. புது விளக்கு இல்லை, புது மின்விசிறி இல்லை, வீட்டில் ஆளும் கூடவில்லை. எல்லாம் கேட்டாயிற்று.

"அந்த நாலையும் எடுத்துட்டு, முப்பத்தாறு வீடுன்னு எழுதும்மா," என்றார் மேனேஜர். எப்போதும் வெந்நீர் குடிக்கிறவர், சண்டை சச்சரவு ஆகாது.

"குலுக்கல்ல வந்தது நாப்பது வீடு சார். புடிக்காததத் தள்ளிட்டா அப்புறம் எதுக்கு சார் குலுக்கணும்?"

நாற்பது வீட்டோடுதான் அறிக்கை துறைக்குப் போனது. பத்தே நாளில் துறையிலிருந்து பதில் வந்தது. 'நான்கு வீடுகளின் விவரம் நம்பும்படி இல்லை. களத்துக்குச் சென்று எடுக்கப்பட்டதா என்பதில் சந்தேகம் உள்ளது. இரண்டு வாரத்தில் நேரில் விளக்கம் தராவிட்டால் அறிக்கை முழுவதும் நிராகரிக்கப்படும்.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். நிராகரிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "களத்துக்குப் போனாங்களாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு காலைத் தூக்கிச் செருப்பின் அடியைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அந்த நாலில் முதல் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரம்மா சிரித்த முகத்துடன் வரவேற்றார். புது ஃப்ரிட்ஜுக்கு உறை போட்டு, தலையில் பூ வேலை செய்த துணி விரித்திருந்தார். அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, எனக்கு வேறு ஒரு சத்தம் காதில் விழுந்தது. முப்பது வருடமாக மோட்டார் சத்தம் கேட்டுப் பழகிய காது.

"மாடியில என்னம்மா ஓடுது?"

"அதுவா, தண்ணி மோட்டார்."

"மோட்டார் கீழ கிணத்தடியில இருக்கே. நான்தானே பாத்தேன்."

"அப்போ காத்தா இருக்கும்," என்றார் அந்த அம்மா.

அக்கா எழுந்து மாடிப்படி ஏறினார். மேலே போர்வை போர்த்திய ஒரு பழைய ஃப்ரிட்ஜ், ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பதினாலு தண்ணீர் பாட்டில், ஒரு எலுமிச்சம்பழம்.

"இதை ஒப்படைச்சுட்டீங்கன்னு எழுதியிருக்கேம்மா. போட்டோகூட எடுத்தாங்களே?"

"ஒப்படைச்சோமே. ஒரு ஃப்ரிட்ஜ் ஒப்படைச்சோம்."

"எந்த ஃப்ரிட்ஜ்?"

"ஒரு பழைய ஃப்ரிட்ஜ். 'பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று ஒப்படைக்க வேண்டும்'னு தானே போட்டிருந்துச்சு? உங்க சொந்த ஃப்ரிட்ஜ்னு போடலியே." அந்த அம்மாவின் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. "ஓடறதப் போய் யாராவது குடுப்பாங்களா? பழைய சாமான் கடைக்காரர் ஓடாதது ஒண்ணு வச்சிருந்தாரு. ஒரு நாளைக்கு வாடகைக்கு வாங்கிக் குடுத்தோம். மூலைல இருக்கற வீட்லயும் அப்படித்தான்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். மூலை வீடும் எங்கள் நாலில் ஒன்று.

அன்று மத்தியானம், பழைய ஃப்ரிட்ஜுகளை ஒப்படைக்கிற கிடங்குக்குப் போய் அங்கே எடுத்த போட்டோக்களை வாங்கி வந்தோம். ஃப்ரிட்ஜைக் கொடுக்கிற ஒவ்வொருவரையும் அதன் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்திருந்தார்கள், சாட்சிக்கு. நாலு வீட்டுப் போட்டோவையும் மேஜையில் வரிசையாக வைத்தார் அக்கா. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏம்மா, இது எனக்குத் தெரிஞ்ச ஃப்ரிட்ஜு."

"எல்லா பழைய ஃப்ரிட்ஜும் ஒரே மாதிரிதாண்ணே இருக்கும்."

"கைப்பிடியப் பாரு. கைப்பிடி உடைஞ்சு, அதுக்குப் பதிலா சிவப்பு வயர முறுக்கிக் கட்டியிருக்கு. கட்டுனது நானு. நான் இடதுகைக்காரன், என் முறுக்கு தலைகீழாத்தான் போகும். மாணவர் விடுதி ஃப்ரிட்ஜு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, இனிமே இதுக்கு உயிர் வராதுன்னு எழுதிக் குடுத்ததும் நானு."

நாலு போட்டோவிலும் அதே சிவப்பு வயர். நாலு குடும்பம் மாறி மாறி நிற்கிறது. ஃப்ரிட்ஜ் மட்டும் அசையாமல் நிற்கிறது.

பழைய சாமான் கடைக்காரரிடம் போனோம். அவர் ஒளிக்கவே இல்லை. பெருமையாகவே சொன்னார். "ரொம்ப ராசியான ஃப்ரிட்ஜுங்க அது. காலைல குடுப்பாங்க, சாயங்காலம் கிடங்குல பழைய இரும்பு எடைக்குப் போடுவாங்க, நான் திரும்ப வாங்கிட்டு வந்துருவேன்."

"கிடங்குல கேஸ் பைப்ப அறுத்து உடைக்கணும்னு விதி இருக்கே?" என்றேன்.

"அது ஓடற ஃப்ரிட்ஜுக்குங்க. இது ஏற்கெனவே செத்தது. செத்ததப் போய் இன்னொரு தடவை எதுக்குக் கொல்லணும்னு கிடங்குல விட்டுட்டாங்க."

கடிதம் வந்த பிறகு அக்காவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அவர் எழுதிய கணக்கு நிஜம். கையில் சாட்சி. அலுவலகத்துக்குத் திரும்பி, இருநூற்றுப் பதினாறு போட்டோவையும் ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தோம். சிவப்பு வயர் வந்தால் அக்கா எண்ணுவார், நான் தனியாக எடுத்து வைப்பேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஒருவர் அதன்மேல் சாய்ந்து நிற்கிறார். ஒரு அம்மா அதன் தோளில் கை போட்டிருக்கிறார். ஒருவர் பிரிய மனமில்லாமல் நிற்பதுபோல் முகத்தைச் சோகமாக வைத்திருக்கிறார்.

"பதினெட்டு," என்றார் அக்கா. அடுத்த சில போட்டோக்களில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணாமல் இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பு வயர் இருந்தது. பக்கத்தில், கழுத்துப் பட்டன் வரை போட்டு இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், அக்காவின் வீட்டுக்காரர்.

அவர் டெய்லர். எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடை. வாய் ஓயாத மனிதர். கால்சட்டை அளவெடுக்கும்போதே உலக விஷயம் அத்தனையும் பேசிவிடுவார். திட்டம் வந்த சமயம் அக்கா ஒரு மாதம் வெளியூர்க் கணக்கெடுப்பில் இருந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் புது ஃப்ரிட்ஜ் நின்றது, பழசைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேட்டு நம்பிக்கொண்டார்.

அக்கா போட்டோவைப் பையில் வைத்து நேராகக் கடைக்கு நடந்தார். எனக்கு அங்கே ஒரு சட்டை வாங்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

"நம்ம பழைய ஃப்ரிட்ஜ் எங்கங்க?"

டெய்லர் மெஷினை நிறுத்தாமல் சொன்னார். "அதான் குடுத்தாச்சே. போட்டோகூட எடுத்தாங்க."

"போட்டோவத்தான் பாத்துட்டு வரேன். அதுல நிக்கறது நம்ம ஃப்ரிட்ஜ் இல்ல."

"போட்டோன்னா கொஞ்சம் மாறித்தான் தெரியும். நானே அதுல குண்டாத் தெரியறேன்."

அப்போது பார்த்து, துணி போட்டுப் பார்க்கிற மறைப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருமி, உதறி, உறும ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் அக்கா.

"மெஷின்."

"மெஷின் உங்க முன்னாடி இருக்கு. அங்க யாரு மிதிக்கறா?"

டெய்லர் காலை எடுத்துவிட்டார். அக்கா திரையை விலக்கி, உள்ளே நின்றதன் கதவைத் திறந்தார். சோடா பாட்டில்கள், தண்ணீர், தக்காளி, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நாலு பாக்கெட் ஊசி. அவர்கள் கல்யாணத்துக்கு மறு வருடம் வாங்கிய ஃப்ரிட்ஜ், நல்ல ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"வர்றவங்களுக்குக் குளுகுளுன்னு ஒரு சோடா குடுத்தா, ரெண்டு நாள் லேட்டானாலும் கோவப்பட மாட்டாங்க," என்றார் டெய்லர், சன்னமான குரலில். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னார்: துறையின் கடிதம், நேரில் விளக்கம், நிரந்தர ஆர்டர், பத்தொன்பது போட்டோ. டெய்லரின் முகம் அளவு தப்பிய சட்டை மாதிரி தொங்கிப்போயிற்று.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. உன் வேலைல வந்து நிக்கும்னு தெரிஞ்சா செய்வேனா? என் போட்டோவ மட்டும் எடுத்துடு. பதினெட்டு பேர் போதாதா அவங்களுக்கு?"

மறுநாள் மேனேஜரும் அதையேதான் சொன்னார், வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "பதினெட்டே தாராளம்மா. வர்ற அதிகாரி ரொம்பக் கறாரான அம்மா. உங்க வீட்டுலயே இப்படியான்னு ஒரு வார்த்தை கேட்டா, ஆர்டர மறந்துட வேண்டியதுதான். ஒன்பது வருஷத்தப் போக்கடிச்சுக்காத."

அக்கா ஜிப்பைத் தொட்டுப் பார்த்தார். என்னைக் கேட்டிருந்தால், எடுத்துவிடும்மா என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் அக்கா தட்டச்சு செய்த தாளோடு வந்தார். மேனேஜர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பத்தொன்பது.

"அந்த நாலு வீட்ட விட்டுடச் சொன்னப்போ மாட்டேன்னேன் சார். அவங்க எனக்கு யாரோ. இப்ப எனக்கு வேண்டியவர்னு ஒருத்தர விட்டா, மாடி வரைக்கும் ஏறிப்போய் நான் கண்டுபுடிச்ச அந்த அம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

விளக்கம் கேட்கிற நாள் வந்தது. பெட்டியைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு என்னையும் கூட்டிப் போனார்கள். நீளமான அறை, நீளமான மேஜை, அந்தப் பக்கம் அதிகாரி அம்மா. முகத்தில் சிரிப்புக்கு இடமே விடாத கண்ணாடி. அக்கா நாலு வீட்டுக் கதையைச் சொன்னார், பழைய ஃப்ரிட்ஜுகள் ஓடுவதைச் சொன்னார், போட்டோக்களைப் பரப்பினார். நான் என் முறுக்கைப் பற்றிச் சொன்னேன். பாக்கி முப்பத்தாறு வீட்டில் திட்டம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது, ஒப்படைக்கிற இடத்தில்தான் ஓட்டை, அடைத்துவிட்டால் போதும் என்று அக்கா முடித்தார்.

அதிகாரி அம்மா வெகுநேரம் போட்டோக்களைப் பார்த்தார். "உங்க ஆபீசே ஒரு ஃப்ரிட்ஜக் கொண்டுபோய் வச்சு எடுத்த போட்டோ இல்லைன்னு நான் எப்படி நம்பறது? உங்க கணக்கு தப்பானதுனால, அத நியாயப்படுத்த இத ஜோடிச்சிருக்கலாமே."

மேனேஜருக்கு விக்கல் வந்துவிட்டது. அக்கா ஒரு போட்டோவை எடுத்து அதிகாரி அம்மா பக்கம் நகர்த்தினார்.

"இவர்கிட்டக் கேட்டுப் பாருங்கம்மா. உண்மையச் சொல்லுவாரு."

"யார் இவர்? எங்க இருப்பாரு?"

"எங்க வீட்டுலதாம்மா இருப்பாரு. என் வீட்டுக்காரர்."

அதிகாரி அம்மா போட்டோவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எண்ணிப் பாத்தப்பதாம்மா தெரிஞ்சுது. மறைப்புக்குப் பின்னாடி சோடா வச்சிருந்தாரு."

அந்தக் கண்ணாடி மெல்ல நடுங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அம்மா சிரிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த எழுத்தரிடம், "நாப்பது வீட்டுக் கணக்கும் ஏத்துக்கலாம்னு எழுதுங்க," என்றார். "தன் வீட்டையே விடாதவங்க, அடுத்தவங்க வீட்டுக் கணக்க உக்காந்த எடத்துல எழுதியிருக்க மாட்டாங்க."

ஆர்டர் வர நாற்பது நாள் ஆயிற்று. ஒன்பது வருடம் காத்தவருக்கு நாற்பது நாள் ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். அந்த நாற்பது நாளும் பக்கத்து மேஜையில் இருந்தவன் நான், அது பொருட்டுதான். கடைசியில் வந்தது. நிரந்தரம். கீழே ஒரு வரி: சொந்த ஊர் ஃப்ரிட்ஜ் கணக்கெடுப்பில் இனி இவர் ஈடுபடக் கூடாது. அக்கா அந்த வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்துவிட்டு, "நியாயந்தானே," என்றார்.

திட்டத்தையும் மாற்றினார்கள். ஒப்படைக்கிற ஃப்ரிட்ஜைக் கொடுப்பவர் முன்னாலேயே பிளக்கில் சொருகி ஓட விட வேண்டும், ஓடினால்தான் எடுப்பார்கள், அங்கேயே பைப்பை அறுக்க வேண்டும். பத்தொன்பது பேருக்கும் கடிதம் போனது, உங்கள் நிஜமான பழைய ஃப்ரிட்ஜை ஒரு மாதத்தில் ஒப்படையுங்கள் என்று. சிவப்பு வயர்க்காரனை முதல் நாளே இரண்டாக அறுத்துவிட்டார்கள்.

டெய்லர் கடைக்கு நான்தான் போனேன். அக்கா உள்ளே வரவில்லை. சொந்த ஊர், சொந்த வீட்டுக்காரர், விதி விதிதான் என்று எதிர்ச்சாரியில் மரத்தடியில் நின்றுகொண்டார். டெய்லர் அன்று புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தார். ஃப்ரிட்ஜை மறைப்பிலிருந்து வெளியே இழுத்ததில் வியர்த்துக் கொட்டியது.

"அண்ணே, இழுத்த இழுப்புல ஓடாமப் போயிடாதே?"

"ஓடாட்டி அரசாங்கம் குடுத்த பாதிப் பணத்த நீங்க திருப்பிக் கட்டணும்."

"நல்ல வார்த்தை சொல்லுங்கண்ணே."

பிளக்கைச் சொருகினேன். ஒன்றுமில்லை. டெய்லர் ஃப்ரிட்ஜின் முதுகைத் தடவிக் கொடுத்தார். எதிர்ச்சாரியில் அக்கா மரத்தை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார். பிறகு அது ஒரு தடவை இருமி, உதறி, ஓட ஆரம்பித்தது. படிவத்தில் 'ஓடுகிறது' என்று எழுதினேன். என் கையெழுத்து எனக்கே சிரமம். அன்று ஓரளவு தெளிவாக வந்தது.

பைப்பை அறுக்கும்போது டெய்லர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வண்டி போனதும் தெருவைத் தாண்டி வந்த அக்காவிடம், மறைப்புக்குப் பின்னால் காலியான இடத்தைக் காட்டி, "அங்க பெரிய கண்ணாடி ஒண்ணு வச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"கண்ணாடிக்குக் கரண்ட் வேண்டாம்ல? வைங்க," என்றார் அக்கா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பக்கத்து ஊரில் மின்விசிறித் திட்டம். முந்நூறு வீடு.